பனிக்கண்டத்தின் காமிராக் கலைஞர்

வடநாட்டுக்குப் படிக்க வந்த தமிழ் மாணவரிடம் ஒரு காமிரா இருந்துவிட்டால், முதல் குளிர்கால விடுமுறையில் அவர் சிம்லாவுக்கோ முசூரிக்கோ புறப்பட்டு விடுவார். வாழ்நாளில் முதன்முதலாகக் காணும் உறைபனியைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவார். விடுதி நண்பர்களிடம் காட்டும்போதுதான் ஏமாற்றம் தெரியும். கண்ணைக் கூசச் செய்த பனி, படத்திலே சாம்பலைக் கொட்டியது போல மங்கிக் கிடக்கும். அல்லது மேடும் பள்ளமும் தெரியாமல், சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறிக் கிடக்கும்.

காரணம் எளியது. எங்கு நோக்கினும் வெண்மையாகவே இருப்பதால், ஒளி மிகுதி என்று கருதிக் காமிரா தன் கண்ணைச் சுருக்கிக் கொள்கிறது, பனி சாம்பலாகிறது. அதை அறிந்து ஒளியைக் கூட்டினாலோ, பனியின் நுண்ணிய வரிகள் அனைத்தும் வெண்மையில் கரைந்து போகின்றன. உச்சி வெயிலில் பனிக்கு உருவமே இல்லை. சூரியன் தாழ்ந்து, ஒவ்வொரு பனிமேடும் தன் நிழலைத் தானே வீழ்த்தும் வேளையில்தான் அதற்கு உடல் உண்டாகிறது. ஆகவே பனியைப் படம் பிடிப்பவர் உண்மையில் நிழலைத் தேடி அலைய வேண்டியவர் ஆகிறார்.

இந்த வித்தையை, தானே ஒளியை அளக்கும் காமிராக்கள் தோன்றாத காலத்தில், உலகிலேயே குளிர் மிகுந்த கண்டத்தில் நின்று கைவரப் பெற்ற ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹெர்பர்ட் ஜார்ஜ் பாண்டிங். தென்துருவத்தை நோக்கிச் சென்று மீளாத காப்டன் ஸ்காட்டின் கதையைக் கேள்விப்பட்டவர் நம்மில் பலர். அக்கதையை நாம் இன்று கண்ணால் காணும்படி செய்தவரை அறிந்தவர் சிலரே. அவர் வரலாறு பனியின் வரலாறு மட்டுமன்று. ஒரு கலைஞன் தன் கலைக்கு என்ன விலை கொடுக்கிறான் என்பதன் வரலாறும் ஆகும்.

வழி தேடிய இளமை

பாண்டிங் 1870ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள், இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வங்கி அதிகாரி; செல்வாக்குடையவர். மகனும் அதே வழியில் செல்வதே முறை என்று குடும்பம் கருதியது. லிவர்ப்பூல் நகரத்தில் ஒரு வங்கியில் இளைஞர் அமர்த்தப்பட்டார். கணக்கேடும் மைக்கூடும் அவர் மனத்தைப் பிடித்து வைக்க இயலவில்லை. சில ஆண்டுகளில் அப்பணியை உதறிவிட்டு, அமெரிக்காவின் மேற்குக் கரையான கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே ஒரு பழத்தோட்டம் வாங்கினார். பொன் சுரங்கத்திலும் பணத்தைப் போட்டார். மணம் புரிந்தார்; மகளும் மகனும் பிறந்தனர். ஆனால் தோட்டமும் சுரங்கமும் கைகொடுக்கவில்லை. முப்பது வயதை எட்டும்போது, பொழுதுபோக்காகப் பயின்ற புகைப்படக் கலை ஒன்றே அவர் கையில் எஞ்சி நின்றது.

தோற்றவனிடம் எஞ்சி நிற்பதே சில வேளைகளில் அவனுக்கு உரிய தொழிலாக அமைந்துவிடுகிறது. பாண்டிங் எடுத்த படங்கள் போட்டிகளில் பரிசு பெற்றன. பத்திரிகைகள் அவற்றை விலைக்கு வாங்கின. அந்நாளில் இரட்டைப் படங்களை ஒரு கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்து, காட்சி முப்பரிமாணமாகத் தோன்றுவதைக் கண்டு மகிழ்வது வீடுதோறும் பரவியிருந்த பொழுதுபோக்கு. அதற்கான படங்களை எடுக்கும் பணி அவரைக் கிழக்கு நாடுகளுக்கு இட்டுச் சென்றது. 1904-05இல் ருஷ்ய-ஜப்பானியப் போர் மூண்டபோது ஜப்பானியப் படையுடன் சென்று படங்கள் எடுத்தார். பின்னர் சீனா, பர்மா, ஜாவா, இந்தியா எனப் பல நாடுகளில் சுற்றினார். ஜப்பானைப் பற்றி அவர் எழுதிய அழகிய நூல் 1910இல் வெளிவந்தது. ஊர் ஊராய் அலைந்த இந்த மனிதர், அதற்குள் தம் குடும்பத்தை விட்டுப் பிரிந்திருந்தார். மனைவி மக்களோடு மீண்டும் ஒன்றுகூடி வாழவே இல்லை. அவரைப் போற்றி எழுதும்போதும் இந்த ஓர் உண்மையை மறைப்பது முறையாகாது.

தென்திசைக் கப்பல்

அந்த வேளையில்தான் கடற்படை அதிகாரி ராபர்ட் பால்கன் ஸ்காட், தென்துருவத்தை அடையும் நோக்கத்தோடு டெரா நோவா என்னும் கப்பலில் ஒரு பெருங் குழுவைத் திரட்டிக்கொண்டிருந்தார். விஞ்ஞானிகள் பலரைச் சேர்த்தது போலவே, புகைப்படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரையும் சேர்க்க அவர் விரும்பினார். அதற்கு முன் தென்துருவப் பகுதிக்குச் சென்றவர்களும் படங்கள் எடுத்ததுண்டு. ஆனால் அவர்கள் வேறு வேலைக்கு இடையே ஓய்வு கிடைத்தபோது எடுத்தவர்கள். படமே வேலையாகச் சென்ற முதல் மனிதர் பாண்டிங்தான் என்று கூறுவர். தம்மைப் புகைப்படக்காரர் என்று அழைப்பதை அவர் விரும்பவில்லை. காமிராக் கலைஞர் என்பதே அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். அந்தப் பெயரில் சற்றுச் செருக்கு உண்டு. ஆனால் பொய் இல்லை.

அந்தக் குழுவில் இந்தியாவோடு தொடர்புடையவர் பலர் இருந்தனர் என்பது நமக்குச் சுவை தரும் செய்தி. வானிலை ஆய்வாளர் ஜார்ஜ் சிம்ப்சன், சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். ஹென்றி பவர்ஸ் என்னும் இளைஞர் ராயல் இந்தியன் மரைன் என்ற இந்தியக் கடற்படை அதிகாரி. குதிரைகளுக்குப் பொறுப்பேற்ற காப்டன் ஓட்ஸ், இந்தியாவில் படைப்பணி புரிந்தவர்.

1910 நவம்பர் இறுதியில் கப்பல் நியூசிலாந்தை விட்டுப் புறப்பட்டது. சில நாட்களில் பெரும்புயல் அதைச் சூழ்ந்தது. பாண்டிங்குக்குக் கடல் பயணம் சிறிதும் ஒத்துக்கொள்ளாது. ஓயாமல் வாந்தி எடுத்தார். ஆயினும் ஒரு கையில் கண்ணாடித் தகட்டைக் கழுவும் தட்டும், மறு கையில் வாந்திப் பாத்திரமுமாக நின்று அவர் படங்களைக் கழுவிக்கொண்டிருந்ததாக ஸ்காட் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மிதக்கும் பனிப்பாளங்களுக்கிடையே கப்பல் நுழைந்ததும், அதன் பக்கவாட்டில் பலகைகளை வெளியே நீட்டிக் கட்டச் செய்து, அவற்றின் நுனியில் தொங்கியவாறு, கப்பலின் இரும்பு மூக்கு பனியைப் பிளந்து செல்லும் காட்சியைச் சினிமாப் படமாக எடுத்தார். பலகை முறிந்தால் கீழே உறைநீர். அதன்மேல் பனியை அரைத்துக்கொண்டு செல்லும் கப்பல்.

பனிக்குகையும் திமிங்கிலமும்

1911 ஜனவரி 4ஆம் நாள், எரபஸ் என்னும் எரிமலையின் அடிவாரத்தில் குழுவினர் கரையிறங்கினர். அவ்விடத்துக்கு ஸ்காட் தம் துணைவர் ஒருவரின் பெயரால் கேப் எவன்ஸ் என்று பெயரிட்டார். ஏறத்தாழ 12,400 அடி உயரத்தில், பனி மூடிய தலையும் அதன்மேல் புகைக் கொடியுமாக நிற்கும் மலை எரபஸ். தென்முனைக் கோடைக் காலம் ஆகையால் சூரியன் மறைவதே இல்லை. பிறர் மூட்டைகளை இறக்குவதில் முனைந்திருக்க, பாண்டிங் காமிராவை ஒரு சறுக்கு வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு இரவு பகல் பாராது அலைந்தார்.

கப்பலிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில், தரைதட்டி நின்ற ஒரு பனிமலையில் பெருங் குகை ஒன்றைக் கண்டார். கடலும் காற்றும் சேர்ந்து செதுக்கிய மண்டபம் அது. வாயிலில் ஈட்டிகளைப் போலப் பனிக்கூர்கள் தொங்கின. உள்ளே ஒளி நீலமாகவும் பசுமையாகவும் ஊதாவாகவும் மாறிக்கொண்டே இருந்தது. எந்தச் சிற்பியும் உளி எடுத்துச் செய்யாத சிற்பம்! பாண்டிங் உள்ளே சென்று, வாயிலை ஒரு சட்டம்போல் வைத்து, வெளியே தொலைவில் கப்பல் தெரியுமாறு காமிராவை நிறுத்தினார். கிரிபித் டெய்லர், சார்லஸ் ரைட் என்னும் இரு விஞ்ஞானிகளைக் குகை வாயிலில் நிற்கச் செய்தார். அவர்கள் நிற்பதால்தான் குகையின் பெருமை விளங்குகிறது. கப்பல் தெரிவதால்தான் அந்தத் தனிமை விளங்குகிறது. அண்டார்க்டிகாவைப் பற்றி இதுவரை எடுக்கப்பட்ட படங்களிலே மிகவும் புகழ் பெற்றவற்றுள் அதுவும் ஒன்று.

அவருடைய முறையே இதுதான். பனிக்கு அளவு கிடையாது. பத்து அடிப் பனிக்கட்டியும் நூறு அடிப் பனிமலையும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றும். எனவே பனிச்சுவரின் காலடியில் ஒரு மனிதனையோ, ஒரு நாய் வண்டியையோ நிறுத்துவார். அந்தக் கரும்புள்ளியே காண்பவர் கண்ணுக்கு அளவுகோல். அதற்காகத் தோழர்களை உறைய உறைய நிற்க வைத்தார். அவர்கள் கேலியாக, அவருடைய பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கி விட்டனர்: குளிரில் விறைத்து, கை கால் மரத்து, படத்துக்காக அசையாமல் நிற்பதற்குப் பாண்ட் செய்தல் என்று பெயர்.

முதல் வாரத்திலேயே உயிருக்கு ஆபத்து வந்தது. கொல்லும் திமிங்கிலங்கள் ஏழெட்டு, பனித்தரையின் ஓரமாக நீந்தி வந்தன. பாண்டிங் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடினார். அவை நீரில் அமிழ்ந்தன. அடுத்த கணம், அவர் நின்ற பனித்தரை அடியிலிருந்து மோதப்பட்டு அதிர்ந்து பிளந்தது. திமிங்கிலங்கள் முதுகால் முட்டி, பனியை உடைத்துக்கொண்டிருந்தன! ஆடும் பாளங்களின்மேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவிக் கரைப்பனியை அடைந்தார். பிளவுகளின் வழியே பெருந்தலைகள் எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தன. பார்த்துக்கொண்டிருந்த ஸ்காட்டின் முகம் வெளுத்தது. பாண்டிங் காமிராவைக் கைவிடவில்லை.

நான்கு மாத இரவு

கரையில் ஐம்பது அடி நீளமும் இருபத்தைந்து அடி அகலமும் உள்ள மரக்குடில் எழுந்தது. அதில் இருபத்தைந்து பேர் குளிர்காலத்தைக் கழித்தனர். பாண்டிங்குக்கு அதில் ஒரு மூலை. ஏறத்தாழ எட்டடி நீளம், ஆறடி அகலம். அதுவே இருட்டறை, அதுவே படுக்கையறை.

குளிரில் காமிராவைக் கையாளும் கலையை அவர் தாமே பட்டுப் பட்டுக் கற்க வேண்டியிருந்தது. இயந்திரத்தில் இடும் எண்ணெய் உறைந்து போகும்; ஆகவே எண்ணெயை அறவே துடைத்துவிட்டுக் கிராபைட்டுத் தூளை இட்டார். சினிமாப் பிலிம் சருகுபோல் முறியும். மூச்சுக் காற்று லென்சின்மேல் பட்டால் உடனே பனித்திரை படியும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் குறி பார்க்க வேண்டும். ஒரு முறை நாக்கின் நுனி காமிராவின் உலோகப் பகுதியில் பட்டுவிட, அது ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் உரிந்தது. வெறுங்கையால் திருகாணியைத் தொட்டால் விரலுக்கும் அதே கதி. குளிரில் கிடந்த கருவியை வெப்பமான அறைக்குள் திடீரென்று கொண்டுவந்தால் அதன் உள்ளும் புறமும் நீர் முத்துக்கள் அரும்பிவிடும். எனவே பொறுமையாகச் சிறிது சிறிதாகவே உள்ளே கொணர வேண்டும். தகடுகளைக் கழுவ நீர் வேண்டுமானால், முதலில் பனிக்கட்டியை வெட்டி வந்து அடுப்பில் உருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு தகடு கை தவறினால் எல்லாம் பாழ். அது வெறும் கண்ணாடி.

மலைகளைப் படம் பிடிப்போருக்கு மற்றோர் இடர்ப்பாடும் இருந்தது. அக்காலத் தகடுகள் நீல நிறத்தை மிகுதியாகவும் சிவப்பை அறவே இன்றியும் பற்றுபவை. ஆகவே நீல வானம் வெள்ளையாகப் பதிந்துவிடும்; வெள்ளைச் சிகரம் வெள்ளை வானத்திலே கலந்து காணாமற்போகும். லென்சுக்கு முன் மஞ்சள் கண்ணாடி வைத்து நீலத்தைக் குறைத்தால்தான் வானம் சற்றுக் கறுக்கும்; மேகம் பிரிந்து தெரியும்; சிகரம் தலைநிமிரும். எரபஸ் மலையையும், பார்ன் பனியாற்றின் செங்குத்துச் சுவரையும், ஆல்ப்ஸ் மலைச் சிகரத்தைப் போலக் கூர்ந்து நின்றதால் மாட்டர்ஹார்ன் என்று பெயர் பெற்ற பனிமலையையும் அவர் எடுத்த படங்களில் இந்தப் பொறுமை தெரிகிறது. உரிய ஒளிக்காக நாட்கணக்கில் காத்திருந்தார்.

ஏப்ரல் இறுதியில் சூரியன் மறைந்தது. ஆகஸ்டு வரை திரும்பாது. பிறர் உள்ளே அடங்கியிருக்க, பாண்டிங் அந்த இருளிலும் வேலையைக் கண்டுபிடித்தார். கோட்டை மதில்போல் உருவெடுத்த ஒரு பனிமலை அருகில் உறைந்து நின்றது. அதைக் கோட்டைப் பனிமலை என்றே அழைத்தனர். ஜூன் மாதத்துக் காரிருளில், மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அந்த ஒரு கண வெளிச்சத்தில் அதைப் படமாக்கினார். கருவானத்தில் வெள்ளிக் கோட்டை ஒன்று தானே ஒளிர்வது போல இருக்கிறது அப்படம்.

குடிலுக்குள்ளும் அவர் காமிரா ஓயவில்லை. ஜூன் 6ஆம் நாள் ஸ்காட்டின் பிறந்தநாள் விருந்து. கொடிகள் தொங்க, மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்திருக்கும் படம் இன்றும் இருக்கிறது. அதுவே ஸ்காட்டின் இறுதிப் பிறந்தநாள். வில்சன், பவர்ஸ், செரி-காரார்டு மூவரும் பெங்குவின் முட்டை தேடி, நள்ளிருட் காலத்தில் ஐந்து வாரம் நடந்து திரும்பினர். வெப்பநிலை சுழிக்குக் கீழே எழுபத்தேழு டிகிரி பாரன்ஹீட் வரை சென்ற பயணம் அது. உடைகள் உடலோடு உறைந்த நிலையில் வந்து சேர்ந்த அவர்களை மேசையில் அமர்ந்து உண்ணும்போது பாண்டிங் படம் எடுத்தார். அந்த மூன்று முகங்களையும் ஒருமுறை கண்டவர், குளிர் என்றால் என்ன என்று மற்றொருவரைக் கேட்க மாட்டார்.

இரவு வேளைகளில் மாஜிக் லாந்தர் கொண்டு தோழர்களுக்குப் படக்காட்சி நடத்தினார். ஜப்பானியத் தோட்டங்களும், பர்மியக் கோயில்களும், நம் இந்திய நாட்டுக் காட்சிகளும், உலகின் அடிமுனையில், வெளியே பனிப்புயல் ஊளையிட, ஒரு மரச்சுவரின்மேல் ஒளிர்ந்தன.

ஆசிரியரும் மாணவரும்

தென்துருவத்துக்குத் தாம் செல்ல இயலாது என்பதைப் பாண்டிங் அறிந்திருந்தார். வயது நாற்பத்தொன்று. கருவிகளின் கனமோ மிகுதி. வண்டியை மனிதரே இழுத்துச் செல்லும் பயணத்தில் ஒவ்வொரு ராத்தலும் உணவுக்கும் எண்ணெய்க்குமே உரியது. ஆகவே செல்பவர்களுக்குக் கலையைக் கற்றுக் கொடுத்தார். ஸ்காட்டே முதல் மாணவர். பவர்ஸ், டெபன்ஹாம் முதலியோரும் கற்றனர். தலைவர் ஆர்வம் மிகுந்தவர், அவசரக்காரரும்கூட. தகட்டின் மூடியை இழுக்க மறந்துவிட்டுப் படம் எடுத்ததாக எண்ணிக்கொள்வார்; பின்னர் தம்மைத் தாமே நொந்து கொள்வார். ஆயினும் விரைவில் தேறினார். நூலைக் கட்டி, தொலைவிலிருந்து இழுத்துக் காமிராவை இயக்கும் முறையையும் பாண்டிங் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார். எடுப்பவரும் படத்தில் இருக்கலாம் அல்லவா?

புறப்படுமுன் மற்றொன்றும் செய்தார். ஸ்காட், வில்சன், பவர்ஸ், எட்கார் எவன்ஸ் நால்வரையும் வண்டி இழுக்கச் செய்து, கூடாரம் அடிக்கச் செய்து, அதனுள்ளே சமைத்து உண்டு, காலணி மாற்றி, தூக்கப் பைக்குள் நுழைவது வரை அனைத்தையும் சினிமாப் படமாக எடுத்தார். வழியில் நடக்கவிருப்பதைத் தாம் காண முடியாது என்பதால், முன்கூட்டியே நடித்துக் காட்டச் செய்தார். நால்வரும் சிரித்துப் பேசிக்கொண்டே நடித்தனர். அந்த நால்வருமே பின்னர் துருவம் வரை சென்றனர், நால்வருமே திரும்பவில்லை.

1911 நவம்பர் 1ஆம் நாள் ஸ்காட் புறப்பட்டார். பனிவெளியில் புள்ளியாகி மறையும் வரை பாண்டிங் படம் எடுத்தார். பிறகு கோடைக் காலம் முழுவதும் பெங்குவின்களையும் கடல்நாய்களையும் படமாக்கினார். 1912 மார்ச்சு மாதம் கப்பலில் ஊர் திரும்பினார். தலைவர் வெற்றியோடு திரும்பும்போது காட்டப் படங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதனால் பயணத்தின் கடன் அடைய வேண்டும். அதுவே திட்டம்.

நூலை இழுத்த கை

ஸ்காட்டும் நான்கு தோழரும் 1912 ஜனவரி 17ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தனர். நார்வே நாட்டு அமுண்ட்சன் அதற்கு முந்திய டிசம்பர் 14ஆம் நாளே அங்கு வந்து போயிருந்தார். அடுத்த நாள் ஐவரும் கொடியோடு நின்றும் அமர்ந்தும் ஒரு படம் எடுத்துக்கொண்டனர். அமர்ந்திருக்கும் பவர்ஸின் கையில் நூல் இருக்கிறது. அதை இழுத்தே படம் எடுக்கப்பட்டது. ஆசிரியர் கற்றுக் கொடுத்த வித்தை! அப்படத்தில் வெற்றி இல்லை, நடிப்பும் இல்லை. தோற்றுப்போன ஐந்து மனிதர்கள், எண்ணூறு மைலுக்கு மேல் திரும்பி நடக்க வேண்டியவர்கள், காமிராவை நேராகப் பார்க்கிறார்கள்.

திரும்பும் வழியில் பிப்ரவரியில் எவன்ஸ் மாண்டார். மார்ச்சில் ஓட்ஸ், தம்மால் தோழர்க்குத் தாமதம் நேர்வதைப் பொறாமல், கூடாரத்தை விட்டுப் புயலுக்குள் நடந்து போனார். மார்ச்சு இறுதியில், அடுத்த உணவுக் கிடங்குக்குப் பதினொரு மைல் தொலைவில், எஞ்சிய மூவரும் கூடாரத்துக்குள் உயிர் நீத்தனர். நவம்பர் 12ஆம் நாள் தேடிச் சென்ற குழு அக்கூடாரத்தைக் கண்டது. அக்குழுவோடு சென்ற கோவேறு கழுதைகள் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவை.

உடல்களோடு நாட்குறிப்புகளும், கற்களும், கழுவப்படாத பிலிமும் இருந்தன. எட்டு மாதம் பனியில் கிடந்த அந்தப் பிலிமைக் கேப் எவன்ஸ் குடிலில், பாண்டிங் விட்டுச் சென்ற இருட்டறையில், அவரிடமே பாடம் கேட்ட டெபன்ஹாம் கழுவினார். செந்நிற விளக்கின் ஒளியில் ஐந்து முகங்களும் மெல்ல மெல்ல எழுந்து வந்தன. மாண்ட நண்பர்களை அவர் அவ்வாறு மீண்டும் கண்டார்.

எஞ்சிய நாட்கள்

1913 பிப்ரவரியில் செய்தி உலகை எட்டியது. பாண்டிங்கின் படங்களுக்குத் திடீரென்று வேறொரு பொருள் ஏற்பட்டது. வெற்றியைப் பறைசாற்ற எடுத்தவை, இறந்தோரின் நினைவுச் சின்னங்கள் ஆகிவிட்டன. சிரித்துக்கொண்டே கூடாரம் அடித்த நால்வரையும் மக்கள் கண்ணீரோடு பார்த்தனர்.

அன்று முதல் பாண்டிங்கின் வாழ்வு அப்படங்களுக்கே அடிமையாயிற்று. 1913இல் லண்டனில் கண்காட்சி வைத்தார். 1914இல் 5,100 பவுன் கொடுத்துச் சினிமாப் படத்தின் உரிமையை வாங்கினார். லண்டன் மண்டபத்தில் மாதக்கணக்கில், நாள்தோறும் படத்தைக் காட்டிச் சொற்பொழிவாற்றினார். மே மாதத்தில் அரண்மனையிலும் காட்டினார். அவ்வாண்டே முதல் உலகப் போர் மூண்டது. போர்முனை வீரர்களுக்கும் அப்படம் காட்டப்பட்டது. ஆனால் போர் முடிந்தபோது உலகம் மாறியிருந்தது. இலட்சக்கணக்கில் இளைஞரைப் பறிகொடுத்த நாட்டுக்கு, பனியில் இறந்த ஐவரின் கதை பழங்கதை ஆகிவிட்டது.

அவர் விடவில்லை. 1921இல் நூல் எழுதினார். 1924இல் படத்தைத் திருத்தி மௌனப் படமாக வெளியிட்டார். 1933இல் அதற்கே குரல் சேர்த்துப் பேசும் படமாக்கினார். எதிலும் போட்ட பணம் உருப்படியாகத் திரும்பவில்லை. கருவிகள் பல புதிதாகப் புனைந்தார். அவையும் செல்வம் தரவில்லை. பனிக்கண்டத்தில் பதினான்கு மாதம் செய்த பணிக்கு ஈடான மற்றொரு பணியை அவர் அதன்பின் செய்யவே இல்லை. தம் படங்கள் தமக்கே உரியவை என்று காத்து நின்றதால் சிலரோடு மனக்கசப்பும் உண்டாயிற்று. 1935 பிப்ரவரி 7ஆம் நாள், கடனாளியாக, லண்டனில் காலமானார்.

அழியாத கண்ணாடி

தம் வாழ்க்கைக் கணக்கில் பாண்டிங் தோற்றவரே. வங்கியை விட்டார், தோட்டம் தோற்றது, குடும்பம் பிரிந்தது, படம் கடனில் முடிந்தது. ஆனால் கண்ணாடித் தகடுகள் தோற்கவில்லை. அவர் எடுத்தவற்றுள் 1,700க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் கைமாறிக் கைமாறி வந்து, 2004இல் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்காட் துருவ ஆராய்ச்சி நிலையத்தால் விலைக்கு வாங்கப்பட்டன. அவருடைய 1924ஆம் ஆண்டு மௌனப் படத்தைப் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் பழுது நீக்கி, அவர் விரும்பிய நீல, பொன் வண்ணச் சாயல்களோடு 2011இல் மீண்டும் திரையிட்டது. அவர் காலத்தில் வராத கூட்டம் இப்பொழுது வருகிறது.

கேப் எவன்ஸ் குடில் இன்றும் நிற்கிறது. நியூசிலாந்து நாட்டு அறக்கட்டளை ஒன்று அதைப் பேணி வருகிறது. அங்கே பாண்டிங்கின் இருட்டறையில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்த 22 நெகட்டிவ்கள் அகப்பட்ட செய்தி 2013இல் வெளியாயிற்று. அவை பாண்டிங் எடுத்தவை அல்ல. 1914-17இல் அதே குடிலில் தவித்த ஷாக்கிள்டன் குழுவினர் எடுத்தவை. ஏறத்தாழ நூறு ஆண்டு உறைந்து கிடந்த அவற்றைப் பிரித்து அச்சிட்டபோது, பனிமலைகளும் ஒரு மனிதரின் முகமும் தெரிந்தன. பாண்டிங் அமைத்த அந்தச் சிறு அறை, அவர் மறைந்து எழுபத்தெட்டு ஆண்டுக்குப் பின்னும் படம் கொடுத்தது.

பனி உருகும், பனிச்சிற்பம் கடலில் கரையும். அவர் கண்ட குகையும் கோட்டையும் என்றோ நீராகிவிட்டன. சூரியன் தாழும் வேளைக்காகக் கால் மரக்கக் காத்து நின்ற ஒருவர் இருந்ததால், அவை நமக்கு இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் சிம்லாவுக்குச் செல்லும் நண்பர், உச்சி வெயிலில் அவசரமாகக் காமிராவை எடுக்காமல், மாலை வரை காத்திருக்கட்டும். நிழல் நீளும்போது எடுக்கட்டும். பனியோரத்தில் ஒரு தோழரையும் நிறுத்தட்டும். தோழருக்குக் குளிரும். அது பழைய வழக்கம்தான்.